அரசனின் நேர்ச்சையும் துறவியின் நாணயமும்

நேர்ச்சையால் எழுந்த ஆலயம் ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர்கள் பதிந்திருக்கின்றன. எவருக்கு நேர்ந்துகொண்டார்களோ அவரது பெயர் ஒன்று. நேர்ந்துகொண்டவரின் பெயர் மற்றொன்று. எளிய மக்கள் எழுப்பிய ஆலயங்களில் இரண்டாவது பெயர் காலப்போக்கில் மறைந்துவிடுகிறது. புனிதரின் பெயரே நிலைக்கிறது. அரசர்கள் எழுப்பிய ஆலயங்களிலோ இரண்டு பெயர்களும் ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில் நின்று ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரில் அரண்மனைக்கு நேர் எதிரே நிற்கும் பவோலாப் புனித பிரான்சிஸ் ஆலயம் அத்தகையது. அதன் முகப்பின் மேற்பட்டையில் இறைவனின் திருப்பெயருக்குப்பின் புனிதரின் பெயரும், அடுத்து முதலாம் பெர்டினாந்து மன்னரின் பெயரும், இது நேர்ச்சைக்கடன் என்ற குறிப்பும், 1816 என்ற ஆண்டும் இலத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளன.

கட்டடக் கலை நூல்கள் இதனைப் புதுச்செவ்வியல் பாணியின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாகப் போற்றுகின்றன. அந்தப் பாராட்டில் தவறு இல்லை. ஆயினும் ஆலயம் என்பது கட்டடம் மட்டுமன்று. அது இறைமக்கள் கூடும் இல்லம். அவர்கள் எவ்வாறு கூடவேண்டும், யாரை நோக்கவேண்டும், யாருக்கு இடம் தரவேண்டும் என்று சுவர்களாலும் தூண்களாலும் கற்பிக்கும் மறைக்கல்வி நூல். ஆகவே அழகின் அளவுகோலோடு, இவ்வாலயம் எதைக் கற்பிக்கிறது என்ற அளவுகோலாலும் இதனை மதிப்பிடுவது நமது கடமை.

திடல் பிறந்த கதை

நேப்பிள்ஸ் அரண்மனையின் கட்டுமானம் 1600ஆம் ஆண்டில் தொமேனிக்கோ பொந்தானா என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடத்தின்படி தொடங்கப்பட்டது. அதன் எதிரே இருந்த வெளி நெடுங்காலம் ஒழுங்கற்ற ஒரு திடலாகவே இருந்தது. அதைச் சூழத் துறவற இல்லங்கள் நின்றன. அவற்றுள் ஒன்று, பவோலாப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையாரின் மடம். அதையொட்டிப் புனித லூயி அரசரின் ஆலயமும் இருந்தது.

1806இல் நெப்போலியனின் படைகள் நேப்பிள்சைக் கைப்பற்றின. பூர்போன் குலத்து அரசர் பெர்டினாந்து சிசிலித் தீவுக்குத் தப்பியோடினார். முதலில் நெப்போலியனின் அண்ணன் ஜோசப் போனபார்ட்டும், 1808 முதல் தங்கையின் கணவர் முராவும் அரியணையில் அமர்த்தப்பட்டனர். முராவின் ஆட்சியில் துறவற சபைகள் பல கலைக்கப்பட்டன. அரண்மனையின் எதிரே இருந்த மடங்கள் இடிக்கப்பட்டன. அந்த வெற்றிடத்தில், பண்டைய உரோமையரின் பொதுமன்றத்தை ஒத்த பெருந்திடல் ஒன்றை அமைக்க முரா விரும்பினார். லெயோப்போல்தோ லாப்பெரூத்தா, அந்தோனியோ தே சிமோனே ஆகியோர் வகுத்த திட்டப்படி, அரண்மனையை நோக்கி வளைந்த தூண் வரிசைகளும் நடுவே எடுப்பான பெருங்கட்டடமும் எழவேண்டும். அது பேரரசனின் புகழுக்கான காணிக்கை.

தூண்கள் எழுந்துகொண்டிருக்கும்போதே பேரரசு சரிந்தது. 1815 அக்டோபர் 13ஆம் நாள் பிட்சோ என்னும் கலாப்ரியக் கடற்கரை ஊரில் முரா சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பெர்டினாந்து நேப்பிள்சுக்குத் திரும்பியிருந்தார். இழந்த நாடு மீண்டும் கிடைத்தால் பவோலாப் புனித பிரான்சிசுக்கு ஆலயம் எழுப்புவேன் என்று அவர் நேர்ந்திருந்தார். எதிரி தொடங்கிய கட்டுமானம் கண்ணெதிரே அரைகுறையாய் நின்றது. அதை இடிக்காமல் ஆலயமாக்கும்படி ஆணையிட்டார். 1816இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த ஆண்டில் லுகானோ நகரைச் சேர்ந்த பியத்ரோ பியாங்கி என்னும் கலைஞரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. பெர்டினாந்து 1825இல் இறந்தார். அவர் மகன் முதலாம் பிரான்சிஸ் 1830இல் இறந்தார். பேரன் இரண்டாம் பெர்டினாந்தின் காலத்தில், 1836இல், ஆலயம் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. நேர்ந்துகொண்டவர் தம் நேர்ச்சை நிறைவேறியதைக் காணவில்லை.

ஒரே உருவம், இரண்டு எசமானர்கள்

இந்த வரலாற்றில் திறனாய்வாளர் நிறுத்தி நோக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. புரட்சியின் வாரிசான முராவுக்குப் பொருந்திய அதே உருவம், புரட்சியை வெறுத்த பெர்டினாந்துக்கும் பொருந்தியது. பெயர்ப்பலகையை மாற்றினால் போதுமாயிருந்தது. இது எவ்வாறு இயன்றது?

புதுச்செவ்வியல் பாணியின் தொட்டில்களுள் ஒன்று நேப்பிள்ஸ் மண்ணே. பெர்டினாந்தின் தந்தை சார்லஸ் இங்கு ஆண்டபோதுதான் 1738இல் எர்க்குலானியத்திலும் 1748இல் பொம்பேயியிலும் அகழ்வுப் பணிகள் தொடங்கின. எரிமலைச் சாம்பலின் அடியிலிருந்து பழைய உரோமை நகரங்கள் வெளிப்பட்டன. பாரோக் பாணியின் வளைவுகளிலும் பொன்முலாமிலும் சலிப்புற்றிருந்த ஐரோப்பியக் கலைஞர்கள் இங்கே வந்து நேர்கோட்டையும் வட்டத்தையும் வெறுமையான சுவரின் அழகையும் கண்டு வியந்தனர். இவ்வாலயத்தைக் கட்டிய பியாங்கியும் பின்னாளில் பொம்பேயி அகழ்வுகளுக்குப் பொறுப்பேற்றவர். எனவே இப்பாணி இங்கே இரவல் சரக்கு அன்று. மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட மரபு.

ஆனால் அம்மரபு கிறிஸ்துவை அறியாத பேரரசு ஒன்றின் மரபு. அதன் இலக்கணம் ஒழுங்கு, அளவு, ஆட்சி என்பவற்றின் இலக்கணம். குடியரசும் பேரரசும் முடியரசும் மாறிமாறி அந்த ஆடையை அணிந்துகொள்ள முடிந்தது அதனால்தான். திடலில் நிற்கும் சிலைகளே இதற்குச் சான்று. குதிரைமேல் அமர்ந்த நெப்போலியனின் சிலையைச் செய்யுமாறு கனோவா என்னும் புகழ்மிக்க சிற்பியைப் பணித்தது பிரெஞ்சு ஆட்சி. நெப்போலியன் வீழ்ந்தபின் அந்தக் குதிரையின்மேல் பூர்போன் குலத்துச் சார்லஸ் ஏறி அமர்ந்தார். அருகில் நிற்கும் பெர்டினாந்து சிலையிலும் குதிரை கனோவாவின் கைவண்ணம். கனோவா 1822இல் மறைந்ததால் மேலிருப்பவரை அந்தோனியோ காலி செய்தார். குதிரை ஒன்றே; ஏறுபவர் மாறலாம். அழகிய கலையே ஆயினும், எவர் ஏறினாலும் மறுக்காத கலை அது. ஆலயத்தின் உருவமும் அப்படிப்பட்டதுதானா என்பதே நம்முன் உள்ள வினா.

கல்லால் ஆன மறைக்கல்வி

திடலில் நிற்பவரை முதலில் கவர்வது இருபுறமும் வளைந்து செல்லும் தோரிய முறைத் தூண் வரிசை. உரோமையில் 1656 முதல் 1667 வரை பெர்னினி எழுப்பிய புனித பேதுரு சதுக்கத் தூண்களை அது உடனே நினைவூட்டும். அந்தத் தூண் வரிசைகளைத் திருச்சபை என்னும் தாயின் விரிந்த கரங்களாகப் பெர்னினி கருதினார். அங்கே கரங்கள் நீள்வது உலகெங்கிலுமிருந்து வரும் திருப்பயணிகளை நோக்கி. நேப்பிள்சிலோ கரங்கள் விரிந்திருப்பது அரண்மனையை நோக்கி. ஆலயத்தின் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தால் எதிரே தெரிவது அரசனின் மாளிகை. அரசன் தன் மாளிகையிலிருந்து பார்த்தால் எதிரே தெரிவது தன் பெயர் பொறித்த ஆலயம். இரண்டு கண்ணாடிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்பதுபோன்ற அமைப்பு இது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மக்கள் இரு பக்கத்திலும் காண்பது ஒரே ஆட்சியின் முகத்தை.

முகப்பு மண்டபத்தை ஆறு அயோனியத் தூண்களும் இரண்டு சதுரத் தூண்களும் தாங்குகின்றன. அதன் முக்கோண உச்சியில் திருமறையின் உருவம். இருபுறமும் பவோலாப் புனித பிரான்சிசும் கஸ்தீலியா அரசரான புனித பெர்டினாந்தும். இரண்டாமவர் மன்னரின் பெயர்கொண்ட புனிதர். துறவியும் அரசரும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் நிற்கின்றனர். சிற்பத்தின் சமநிலைக்கு இது ஏற்றது. பொருளின் சமநிலைக்கு ஏற்றதா என்று கேட்கத் தோன்றுகிறது. மண்டபத்துக்குப் பின்னே பெரிய குவிமாடமும் அதன் இருபுறமும் இரண்டு சிறிய குவிமாடங்களும் எழுகின்றன.

உள்ளே நுழைந்தால் உருவம் முழுவதும் வட்டம். உரோமையிலுள்ள பாந்தியோன் என்னும் பழைய கோயிலே இதற்கு முன்மாதிரி. பாந்தியோனின் விட்டமும் உயரமும் சமம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 43 மீட்டர். நேப்பிள்ஸ் ஆலயத்தின் குவிமாடமோ 34 மீட்டர் விட்டமும் 53 மீட்டர் உயரமும் உடையது. இந்தச் சிறு கணக்கில் ஒரு பெரிய வேறுபாடு அடங்கியுள்ளது. பாந்தியோனில் முழுமையான ஓர் உருண்டை உள்ளே அடங்கும். ஆகவே அங்கு நிற்பவர் அமைதி பெறுகிறார். இங்கே உயரம் அகலத்தை விஞ்சுகிறது. ஆகவே கண் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. முன்மாதிரியை அப்படியே படியெடுக்காமல், புறச்சமயக் கோயிலின் தன்னிறைவைக் குலைத்து மேல்நோக்கிய ஏக்கமாக மாற்றியிருப்பதில் பியாங்கியின் தனித்திறம் வெளிப்படுகிறது. பாணி ஆட்சியாளருக்குப் பணிந்தது. கலைஞரின் கை முழுதும் பணியவில்லை.

மொந்திரகோனே பளிங்கினாலான 34 கொரிந்தியத் தூண்கள் வட்டமாய் நின்று குவிமாடத்தைத் தாங்குகின்றன. வட்டத்துக்கு ஓர் அருங்குணம் உண்டு. அதில் முதலிடம் கடையிடம் என்பது இல்லை. நீண்ட நடுக்கூடம் உடைய ஆலயத்தில் பீடத்துக்கு அருகில் இருப்பவர், தொலைவில் இருப்பவர் என்ற வேறுபாடு தானே அமைந்துவிடுகிறது. வட்டத்தில் கூடுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் காணலாம். ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் ஒரே உடலாகத் தம்மை உணரலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் வட்டவடிவ ஆலயங்கள் பல நாடுகளில் எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இங்கே வட்டம் தந்ததை மாடம் பறித்துக்கொண்டது. தூண்களுக்கு மேலே, அரச குடும்பத்தாரும் அரசவையோரும் அமர்வதற்கென்று தனி மாடங்கள் அமைக்கப்பட்டன. கீழே வட்டமாய் நிற்கும் மக்கள் சமம். அவர்கள் தலைக்குமேல் சமமற்றோர். நாடக அரங்கில் மாடம் அமைவது இயல்பு. அங்கே மேலிருப்போர் கீழே நடப்பதைப் பார்வையிடுகின்றனர். திருப்பலியில் பார்வையாளர் என்று எவருமில்லை. பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல இருக்கையும், கந்தல் உடுத்தியவனுக்குக் கால்மணைக்கருகில் இடமும் தருவோரைப் புனித யாக்கோபு தம் திருமடலில் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதை நாம் அறிவோம். இவ்வாலயத்தின் பெருங்குறை எது என்று கேட்டால், தூண்களையோ பாணியையோ நான் சுட்டமாட்டேன். அந்த மாடங்களையே சுட்டுவேன். புறச்சமயக் கோயிலின் உருவத்தை இறைமக்களின் இல்லமாக்குவது இயலும். 609ஆம் ஆண்டில் திருத்தந்தை நான்காம் போனிப்பாஸ் பாந்தியோனையே மரியன்னைக்கும் மறைசாட்சிகளுக்கும் உரிய ஆலயமாக்கவில்லையா? கல்லைத் திருமுழுக்காட்டலாம். படிநிலையைத் திருமுழுக்காட்ட முடியாது.

தூண்களுக்கு நடுவே நிற்கும் சாட்சிகள்

இருப்பினும் ஆலயத்தின் உள்ளே, அரசவையின் நோக்கத்தை மீறிப் பேசும் குரல்கள் உண்டு. வட்டத்தைச் சூழ எட்டுப் பெருஞ்சிலைகள் நிற்கின்றன. நால்வர் நற்செய்தியாளர், அவர்களுள் புனித யோவானின் சிலை, தோர்வால்ட்சன் என்னும் பெருஞ்சிற்பியின் மாணவரான பியத்ரோ தெனெரானி செதுக்கியது. மற்ற நால்வரும் திருச்சபையின் மறைவல்லுநர்: அத்தனாசியு, அம்புரோசியார், கிறிசோஸ்தோம் யோவான், அகுஸ்தீனார்.

இந்த நால்வரை ஓர் அரசவைக் கோயிலில் நிறுத்தியவர்கள் அவர்களது வாழ்வை எண்ணிப் பார்த்தார்களா? அத்தனாசியு பேரரசர்களின் சினத்துக்கு ஆளாகி ஐந்து முறை தம் மறைமாவட்டத்தைவிட்டு விரட்டப்பட்டவர். கிறிசோஸ்தோம், அரண்மனையின் ஆடம்பரத்தைக் கண்டித்ததால் அரசி யூதோக்சியாவின் பகைக்கு உள்ளாகி, நாடுகடத்தப்பட்டு வழியிலேயே உயிர்நீத்தவர். அம்புரோசியார், தெசலோனிக்காவில் 390இல் நிகழ்ந்த படுகொலைக்காகப் பேரரசர் தெயோதோசியுவைப் பொதுத்தவம் செய்யவைத்தவர். நால்வருள் மூவர் அரியணையின் எதிரே நின்று பேசியவர்கள்! மேலே மாடத்தில் அமர்ந்திருந்த அரசர்கள் கீழே நின்ற இந்த வெண்ணிற உருவங்களைக் கண்டு மகிழ்ந்திருக்கலாம். உருவங்களோ அவர்களைக் குற்றஞ்சாட்டி நின்றன.

பியத்ரோ பென்வெனூத்தி தீட்டிய ஓவியம் ஒன்றும் இவ்வாறே பேசுகிறது. அது கஸ்தீலியாவின் புனித பெர்டினாந்து தம் கடைசி நற்கருணையைப் பெறும் காட்சி. 1252இல் இறக்கும் தறுவாயில் அந்த அரசர் படுக்கையைவிட்டு இறங்கி, கழுத்தில் கயிறு இட்டுக்கொண்டு, குற்றவாளியைப்போல் மண்டியிட்டு ஆண்டவரை வரவேற்றார் என்பது மரபு. மன்னரின் பெயர்கொண்ட புனிதர் என்பதால் இடம்பெற்ற ஓவியம், மன்னர்கள் ஆலயத்தில் எங்கே இருக்கவேண்டும் என்பதைக் காட்டிவிடுகிறது. மாடத்தில் அன்று, தரையில்.

பீடத்தின் கதையும் கருதத்தக்கது. விலையுயர்ந்த கற்கள் பதித்த இந்தத் தலைமைப் பீடம், 1641இல் அன்செல்மோ கங்கியானோ செய்தது. 1835இல் நேப்பிள்சின் பழைய திருத்தூதர்கள் ஆலயத்திலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டது. பெருஞ்செலவில் அனைத்தையும் புதிதாய்ப் படைத்த அரசு, ஆலயத்தின் இதயமாகிய பீடத்தை மட்டும் முன்னோரிடமிருந்து பெற்றுக்கொண்டது. பளபளக்கும் அந்தப் பாரோக் பீடம், வெண்மையும் சாம்பலுமான இவ்வட்டத்துள் பொருந்தாமல் நிற்கிறது என்று கலை வல்லுநர் குறைகூறக்கூடும். எனக்கோ அந்தப் பொருத்தமின்மையே இங்கு உயிருள்ளதாகப் படுகிறது. மக்கள் தலைமுறை தலைமுறையாய் முழந்தாளிட்டு வேண்டிய ஒரு கல், வரைபடத்திலிருந்து பிறந்த கூடத்துக்குள் வந்து, இது ஆலயம் என்று நினைவூட்டுகிறது.

குருதி சிந்திய காசு

இனி, ஆலயத்தின் தலைவராகிய புனிதரிடம் வருவோம். 1416இல் கலாப்ரியாவின் பவோலா ஊரில் பிறந்த பிரான்சிஸ், இளமையிலேயே குகையில் தவம் புரிந்தவர். தம் சபையாருக்கு அவர் இட்ட பெயர் மினிம்கள். அதாவது எல்லாரிலும் சிறியோர். மூன்று வார்த்தைப்பாடுகளோடு, வாழ்நாள் முழுதும் தவக்கால உணவையே உண்போம் என்ற நான்காம் வார்த்தைப்பாட்டையும் அவர்களுக்கு அளித்தார். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லை. 1507 ஏப்ரல் 2ஆம் நாள், அவ்வாண்டின் பெரிய வெள்ளியன்று, பிரான்சு நாட்டில் இறந்தார். 1519இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

1483இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துவின் ஆணைப்படி, சாவுக்கு அஞ்சி நடுங்கிய பிரான்சு அரசர் பதினோராம் லூயியிடம் அவர் சென்றார். வழியில் நேப்பிள்சில் அரசர் பெரந்தேயின் அரண்மனையில் தங்கினார். அங்கு நடந்ததாக மரபு கூறும் நிகழ்ச்சி ஒன்று நேப்பிள்ஸ் மக்கள் நடுவே இன்றும் வழங்குகிறது. மடம் கட்டுவதற்கென்று அரசர் பொற்காசுகளை நீட்டினார். துறவி ஒரு காசை எடுத்து இரண்டாக உடைத்தார். அதிலிருந்து குருதி சொட்டியது. இது உம் குடிமக்களின் குருதி என்ற கருத்துப்படக் கூறி, அந்தக் கொடையை அவர் மறுத்தார்.

இது வரலாறா, புனைவா என்று ஆய்வது இங்கு நம் வேலையன்று. மக்கள் இந்தப் புனிதரை எவ்வாறு நினைவில் வைத்திருந்தார்கள் என்பதே முதன்மையானது. அரசனிடம் ஆலயம் கட்டப் பொன் வாங்க மறுத்தவர் என்றே அவரை நினைவுகூர்ந்தனர். அந்த நகரிலேயே, அதே பெயருக்கு, அரசன் ஒருவன் பொன்னால் ஆலயம் எழுப்பினான்.

பெர்டினாந்தின் பொன்னில் குருதி இருந்ததா? 1799இல் நேப்பிள்சில் எழுந்த குடியரசு ஐந்து மாதங்களில் வீழ்ந்தது. கர்தினால் ருப்போ, சரணடைந்தோருக்கு உயிர்ப்பாதுகாப்பு அளித்து உடன்படிக்கை செய்தார். அரசர் அதை ஏற்கவில்லை. ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சனும் ஏற்கவில்லை. ஏறத்தாழ நூறு பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் எலியோனோரா பிமென்தெல் பொன்சேக்கா என்னும் கல்வியிற் சிறந்த பெண்மணியும், வீக்கோ ஏக்குவென்சே மறைமாவட்ட ஆயர் மிக்கேலே நத்தாலேயும் ஆகஸ்டு 20ஆம் நாள் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். பின்னர், நேர்ச்சை ஆலயத்தின் பணிகள் நடந்துகொண்டிருந்த 1820 ஜூலையில், மக்களின் எழுச்சிக்கு இணங்கி அரசியல் சட்டத்தைக் காப்பதாகக் கடவுளின் பெயரால் ஆணையிட்டார் பெர்டினாந்து. அடுத்த ஆண்டே லைபாக்கில் கூடிய பேரரசர்களின் துணையோடு அதை மீறினார். 1821 மார்ச்சில் ஆஸ்திரியப் படைகள் நேப்பிள்சுக்குள் நுழைந்தன. புனிதருக்குக் கொடுத்த வாக்கைக் காத்தவர், மக்களுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கவில்லை. நம் தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், வாய்மையையும் குறிக்கும். முதற்பொருளில் நாணயத்தை வாரியிறைத்த அரசரிடம் இரண்டாம் பொருளில் அது குறைந்திருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அரசரின் உள்ளத்தை ஆராய நாம் யார்? பாவியும் நேர்ந்துகொள்ளலாம், பாவியின் காணிக்கையும் பீடத்துக்கு வரலாம், அப்படி வரவில்லையெனில் ஆலயங்கள் எழுவதெப்படி? உண்மையே. உள்ளத்தை ஆண்டவர் ஆய்ந்தறிவார். நாம் ஆய்வது உள்ளத்தை அன்று, கல்லில் எழுதப்பட்டதை. ஆண்டவருக்கு இல்லம் எழுப்ப விரும்பிய தாவீதுக்குக் கிடைத்த மறுமொழியைக் குறிப்பேடு முதல் நூல் கூறுகிறது: மிகுந்த குருதி சிந்திய கைகளுக்கு அந்தப் பணி தரப்படவில்லை. தாவீது அதை ஏற்றார். பொருள்களைச் சேர்த்துவைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நேப்பிள்ஸ் ஆலயத்தின் முகப்பில் இல்லாதது அந்த ஒதுங்கி நிற்றலே. நேர்ச்சை என்பது நன்றியின் செயலாக இருக்கவேண்டும். இங்கே அது வெற்றியின் அறிவிப்பாகிவிட்டது.

காலம் எழுதிய தீர்ப்பு

1860 செப்டம்பர் 7ஆம் நாள் கரிபால்தி நேப்பிள்சுக்குள் நுழைந்தார். அக்டோபரில் மக்கள் வாக்களித்து இத்தாலியோடு இணைந்தனர். பூர்போன் ஆட்சி மறைந்தது. அரசரின் வெற்றிக்குச் சான்றாக அமைந்த அந்தத் திடல், அவரது குலத்தின் ஆட்சி முடிந்ததற்குச் சான்றான மக்கள் வாக்கெடுப்பின் பெயரையே தாங்கிற்று; இன்றும் தாங்குகிறது. இருபதாம் நூற்றாண்டில் அத்திடல் நெடுங்காலம் வண்டிகள் நிறுத்தும் இடமாகச் சீரழிந்து கிடந்தது. 1994 ஜூலையில் ஏழு தொழில்வள நாடுகளின் தலைவர்கள் நேப்பிள்சில் கூடியபோதுதான் வண்டிகள் அகற்றப்பட்டு, திடல் மீண்டும் மக்கள் நடமாடும் வெளியாயிற்று.

அரச மாடங்களில் அமர இன்று அரசர் இல்லை. அதனால் ஆலயம் குறைபடவில்லை. மாறாக, கட்டியவரால் தர இயலாத நிறைவை அடைந்திருக்கிறது. மேலிருந்தோர் போனபின் வட்டம் வட்டமாயிற்று. இறக்குமதியான பழைய பீடமும், அரசரை எதிர்த்த மறைவல்லுநரும், கயிறணிந்த அரசரின் ஓவியமும் இப்போது தடையின்றிப் பேசுகின்றன. கலைப்படைப்பு ஒன்று தன்னைப் பணித்தவரின் நோக்கத்தைக் கடந்து வாழ முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. ஆகவே இவ்வாலயத்தைப் பற்றிய என் மதிப்பீடு இதுவே: வெளியே அது அரசரின் கட்டடம், உள்ளே, வரலாற்றின் தயவால், அது பிரான்சிசின் இல்லமாகிக்கொண்டிருக்கிறது. முகப்பைப் புகழ்ந்துவிட்டுத் திரும்புவோர் பாதியையே கண்டவர்.

1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான திருவழிபாடு பற்றிய சங்க ஏடு, திருப்பொருள்களில் வெறும் ஆடம்பரத்தைத் தேடாமல் மேன்மையான அழகையே தேடுமாறு பணித்தது. திருப்பணி சார்ந்த வேறுபாட்டையும், திருவழிபாட்டுச் சட்டப்படி நாட்டின் அதிகாரிகளுக்குரிய மரியாதையையும் தவிர, தனி ஆள்களுக்கோ வகுப்பினருக்கோ வழிபாட்டில் சிறப்பிடம் கூடாது என்றும் அது விதித்தது. மாடங்களின் காலம் அந்நாளில் சட்டப்படியும் முடிந்தது. ஆனால் மாடம் கட்டும் மனம் முடிந்துவிட்டதா? ஆலயம் கட்டும் எவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் சில உண்டு. நன்கொடைப் பளிங்கில் நம் பெயரின் எழுத்து எவ்வளவு பெரியது? முன்வரிசை நாற்காலி யாருக்காகக் காத்திருக்கிறது? காணிக்கையாக வந்த பணம் யாருடைய கூலியைப் பிடித்துவைத்துச் சேர்ந்தது? அரசர்கள் மட்டுமே இக்கேள்விகளுக்கு உரியவர்கள் அல்லர்.

உடைந்த காசை ஏந்திய துறவி ஆலயத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. குருதி தோய்ந்த கல்லை வேண்டாம் என்றார். அவர் பெயரைத் தாங்கி ஓர் அரண்மனையின் எதிரே நிற்கும் அந்தப் பெருங்குவிமாடம், தன்னைக் கட்டியவரையும் சேர்த்து, பார்ப்போர் அனைவரிடமும் அந்தக் காசையே நீட்டுகிறது. நம் கையிலிருப்பதை உடைத்துப் பார்க்கும் துணிவு நமக்கு இருக்குமானால், எந்தப் பாணியில் கட்டினாலும் அது இறைவனின் இல்லமாகவே எழும்.